பேரீச்சம்பழ டப்பாவின் மூடி

அன்புள்ள குடிக்காடு,

நேற்று மதியம் உன் ஊர் பஸ்ஸில் எனக்கு ஒரு பார்சல் வந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வெயிலில் நின்று வாங்கினேன். "உங்க கூட்டாளி மவ குடுத்து வுட்டுச்சு, பத்திரமா உங்க கையிலதான் குடுக்கணும்னுச்சு" என்று கண்டக்டர் நீட்டினார். செய்தித்தாள் சுற்றி, அதன் மேல் நூல் கட்டி, அதற்கும் மேல் டேப் ஒட்டியிருந்தது. உன் மகள் அல்லவா, ஒரு கட்டோடு விடுவாளா? வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

உள்ளே இருந்தது பேரீச்சம்பழ டப்பாவின் அட்டை மூடி. அதில் அச்சடித்திருந்த பச்சை மரம் வெளுத்து மஞ்சளாகிவிட்டது. ஒரு மூலையில் எலி கொறித்த தடம். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஆன அட்டையில் பழ வாசனை எங்கே இருக்கப் போகிறது? இருந்தாலும் எனக்கு அடித்தது. கூடவே நாம் வேலை பார்த்த டெர்மினல் அறையின் ஏசிக் குளிரும் பாட்டரி அறையின் புளிப்பு நெடியும் வந்தன. நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த மடலை வேறு யாராவது படித்தால், ஒரு ஊரை அன்புள்ள என்று கூப்பிட்டு எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்றுதான் நினைப்பார்கள். அவர்களுக்கு நம் சர்வீஸ் ஃபோன் தெரியாது. ஊருக்கு ஊர் டவர் வழியாக, கம்பியில்லாமல் ஃபோன் பேச்சைக் கடத்துகிற ரேடியோவின் இரண்டு முனையிலும் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மட்டும் இருந்த ஃபோன் அது. எடுத்தவுடன் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் இருந்த நான் பெரம்பலூர், லெப்பைக்குடிக்காட்டு டவரடியில் இருந்த நீ குடிக்காடு. முதல் மாதத்திலேயே நம் சொந்தப் பெயர்கள் மறந்துபோயின. என் கல்யாணத்துக்கு நீ கொடுத்த சுவர்க் கடிகாரத்தின் பின்னால்கூட "பெரம்பலூருக்கு, குடிக்காடு" என்றுதான் எழுதியிருந்தாய். வளைகுடாவில் தம்மாமில் வேலை பார்த்துவிட்டு வந்த உன் வீட்டுக்காரர் என்னை முதன்முதலில் பார்த்தபோது, "இவங்கதான் பெரம்பலூரா?" என்று கேட்டதை எத்தனை தடவை சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

நீயும் நானும் ஒரே நாளில் டெலிபோன் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சென்னையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தவர்கள். நீ வெள்ளாற்றங்கரைக்காரி, நான் உடையார்பாளையத்துக்காரி. நான் வாய்த்துடுக்கு, நீ அமுக்குணி. அதைத் தவிர நமக்குள் வித்தியாசமே கிடையாது. பயிற்சியில் சொன்னதை இருவரும் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டோம். எதை மாற்றினாலும் சேமி, மூன்று நிமிடம் காத்திரு, பிறகு டயல் செய். மூன்று நிமிடத்துக்கு முன் ஃபோனைத் தொட மாட்டோம். அந்த ஒழுங்கே நம்மைக் கவிழ்க்கப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்த வருடத்து நோன்புப் பெருநாளில் உன் ஊரே உன்மேல் கோபமாக இருந்தது. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற ஊர். பழைய ரேடியோவில் ஏழெட்டுப் பேர் பேசினாலே வழி அடைத்துக்கொள்ளும். பெருநாளன்று தெரு முழுக்கப் பெண்கள் ஃபோன் அருகே உட்கார்ந்திருந்தார்கள், மணி அடிக்கவே இல்லை. உன் மாமியார் பிள்ளையின் குரலுக்காகக் காலையிலிருந்து பிற்பகல் அசர் பாங்கு வரை காத்திருந்துவிட்டு, நீ வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரே கேள்வி கேட்டார்.

"ஃபோன் ஆபீஸ்ல வேலை பாக்குறவ வூட்டுல எம் மவன் குரலக் கேக்க முடியல. நீ என்னத்த வேலை பாக்குற?"

அமுக்குணிகளுக்குக் கோபம் வந்தால் ஆபத்து. நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சபதம் போட்டாய். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் புது ரேடியோ வந்துவிடும், வளைகுடாவில் பெருநாளாகிற அன்று காலை பத்து மணிக்குள் உங்கள் மகன் குரல் உங்கள் காதில் விழும், விழாவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு உங்கள் பக்கத்திலேயே ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன் என்றாய். மாமியார் உடனே சரி என்றுவிட்டார். மறுநாள் சர்வீஸ் ஃபோனில் இதை என்னிடம் சொல்லிவிட்டு, "வாய் தவறி வந்துருச்சுடி. இப்ப என்ன பண்றது?" என்றாய். நீ வேலையை விட்டால் அந்த முனையில் வேறு யாரோ வருவார்கள், நான் யாரைக் குடிக்காடு என்று கூப்பிடுவேன்?

புது ரேடியோ மாசி மாதம்தான் வந்தது. பெருநாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அதிலும் வளைகுடாவில் பெருநாள் நமக்கு ஒரு நாள் முந்தியே வந்துவிடும். அங்கே தொழுகை முடிந்து ஃபோன் போடும் நேரம், இங்கே பெருநாளுக்கு முந்தின காலை ஒன்பது, ஒன்பதரை மணி. அன்று காலை எட்டு மணிக்குப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. எங்கள் அதிகாரி எல்லோரையும் நிற்க வைத்து, மாற்றும்போது யார் தவறு செய்தாலும் மெமோ கொடுப்பேன் என்றார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். பெட்டி திறந்த அன்றே ரேடியோவின் சர்க்யூட் கார்டு ஒன்றை நான் கீழே போட்டிருந்தேன்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். பெரம்பலூர் எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு கேபிள்கள் என் டெர்மினலுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் முப்பது பேர் ஒரே சமயத்தில் பேசலாம். ஒன்று உன் ஊருக்கு. இன்னொன்று உன் டவர் வழியாக ஆலத்தியூருக்கு. எந்தக் கேபிளில் வருவதை ரேடியோவின் எந்தத் தடத்தில் ஏற்றுவது என்று நான் என் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். எந்தத் தடத்தில் வருவதை எந்த ஊருக்கு இறக்குவது என்று நீ உன் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். கிராஸ் கனெக்ட் என்று பெரிய பெயர். பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று போர்டு மாட்டுவது போலத்தான். ஒரு பக்கம் போர்டு மாறினால் ஊர் மாறிப் போய் இறங்குவார்கள். இரண்டு பக்கமும் மாறினால் பழையபடி சரியாகப் போய்விடும். இந்தக் கடைசி வரியில்தான் நம் கதையே இருக்கிறது.

இரண்டு நாள் முன்னதாக நீ பெரம்பலூருக்கு வந்தாய். பஸ் ஸ்டாண்ட் எதிரே டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்து பட்டியல் போட்டோம். காகிதம் என்றால் டெர்மினல் அறை ஏசிக் காற்றில் பறந்துவிடும் என்று நீ பையிலிருந்து அந்தப் பேரீச்சம்பழ டப்பாவை எடுத்தாய். பழத்தைத் தின்று முடித்தோம். மூடி உனக்கு, அடிப்பெட்டி எனக்கு. நீ மூடியில் எழுத எழுத, நான் எதிரே இருந்து பார்த்து என் அட்டையில் எழுதினேன். உனக்கு இடது பக்கம் எனக்கு வலது பக்கம் என்பதை அந்தப் பழத்தின் ருசியில் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. நீ லெப்பைக்குடிக்காட்டை ஒன்றாம் தடத்தில் எழுதினாய், நான் இரண்டாம் தடத்தில் எழுதினேன். எழுதியதை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். பஸ்காரன் ஹாரன் அடித்துவிட்டான், நீ ஓடிவிட்டாய்.

அந்தக் காலை எட்டு மணி. எல்லாம் தட்டிச் சேமித்தாயிற்று. விளக்கெல்லாம் பச்சை. அதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் கால் உன் மாமியாருக்குத்தான் போட வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். மூன்று நிமிடம் காத்திருந்து டயல் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"எடைமேடை. லாரி நம்பர் சொல்லுங்க."

ஆண் குரல். நான் ஃபோனை வைத்துவிட்டேன். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெரம்பலூர் எக்ஸ்சேஞ்ச் அந்தக் கிராமங்களுக்குக் கடைசி மூன்று எண்களை மட்டும்தான் அனுப்பும். உன் மாமியார் வீட்டின் கடைசி மூன்று எண்ணும், ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடைபோடும் மேடையின் கடைசி மூன்று எண்ணும் ஒன்றே. தடம் மாறிவிட்டது. உன் ஊருக்குப் போக வேண்டியதெல்லாம் ஆலத்தியூருக்குப் போகிறது, ஆலத்தியூருக்குப் போக வேண்டியது உன் ஊரில் இறங்குகிறது.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சபதத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இப்போது இதைச் சொன்னால் பதறிப்போவாள், என் பக்கம் இரண்டு வரியை மாற்றினால் அரை நிமிடத்தில் சரியாகிவிடும், எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சர்வீஸ் ஃபோனில் எவ்வளவு இயல்பாகப் பேசினேன் தெரியுமா?

"குடிக்காடு, மாமி எடுக்கலடி. வெளிய எங்கயாச்சும் போயிருப்பாங்களோ?"

"ஆமாமா, குளிக்கப் போயிருப்பாங்க. ஒரு மூணு நிமிசம் கழிச்சுப் போடு" என்றாய் நீ.

அடிப் பாவி! உன் டவரடி எக்ஸ்சேஞ்சில் மாமியாரின் லைனில் டெஸ்ட் ஃபோனை மாட்டிக் காதில் வைத்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாய்? ஒரு லாரி முதலாளி உன் மாமியாரிடம், தன் வண்டி எடை ஏறிவிட்டதா என்று கேட்டதையும், அவர் "எந்த வண்டிப்பா?" என்று கேட்டதையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தானே அந்தப் பதிலைச் சொன்னாய்? உனக்கும் புரிந்துவிட்டது. பெரம்பலூருக்குப் பின்னால் அதிகாரி நிற்கிறார், வாயைத் திறந்தால் அவளுக்கு மெமோ, நம் பக்கம் சத்தமில்லாமல் மாற்றிவிடுவோம் என்று நீ நினைத்தாய்.

நான் மாற்றிச் சேமித்தேன். நீயும் மாற்றிச் சேமித்தாய். மஞ்சள் விளக்கு ஒரு நொடி மினுங்கி அணைந்தது, தான் மாற்றியதால்தான் மினுங்கியது என்று அவரவர் நினைத்துக்கொண்டோம். இருவரும் ஒழுங்காக மூன்று நிமிடம் காத்திருந்தோம். நான் டயல் செய்தேன்.

"எடைமேடை. லாரி நம்பர் சொல்லுங்க."

சேமிப்பு சரியாக ஏறவில்லை போலும் என்று நினைத்தேன். அரைகுறையாகச் சேமித்த பட்டியலைப் பழையபடி எழுதி, திரும்ப மாற்றி, அதைச் சேமித்து, ஒவ்வொரு வரியாக அட்டையோடு ஒத்துப் பார்த்து, நேரம் போனதே தெரியாமல் குழம்பிப் போனேன். நீயும் அங்கே அதையே செய்துகொண்டிருந்தாய். நான் மாற்றினால் நீ மாற்றுவாய், நான் காத்திருந்தால் நீ காத்திருப்பாய். ஒரே பெஞ்சில் படித்ததன் பலன்! நடுநடுவே சர்வீஸ் ஃபோனில் கூசாமல் பொய் வேறு. மாமி தொழுகிறார் என்றாய். பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றாய். ஃபோனை விட்டு ஓர் அடி நகராத மனுஷி அன்று ஒரு மணி நேரத்தில் ஊரையே சுற்றி வந்துவிட்டார். நானும் சளைக்கவில்லை. "லைன் நல்லா இருக்குடி, டயல் டோன்தான் கொஞ்சம் லேட்டு" என்றேன். அதிகாரி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். என் புடவை முதுகில் ஏசியிலும் ஒட்டிக்கொண்டது.

நான்காவது தடவை எடைமேடைக்காரரே பேச ஆரம்பித்துவிட்டார். அவர் சிறுவாச்சூர்க்காரர், நிதானமான மனிதர். "ஏங்க, நாலு தடவ பண்ணிட்டு வெக்கிறீங்க. காலைலேர்ந்து இங்க எல்லாருமே சலாம்னுதான் ஆரம்பிக்கிறாங்க. இப்பக்கூட தம்மாம்லேர்ந்து ஒருத்தர் அம்மாவக் கேட்டாரு. பாவமா இருந்துச்சு, வெசயத்த எழுதி வாங்கி வெச்சிருக்கேன்" என்றார். மணி ஒன்பதே காலைத் தாண்டிவிட்டது. உன் வீட்டுக்காரர் தொழுகைக்கு முன்பே ஃபோன் போட்டிருக்கிறார், அது எடைமேடைக்குப் போயிருக்கிறது. இன்னும் முக்கால் மணி நேரம்கூட இல்லை உன் வேலைக்கு.

அப்போதுதான் அது கேட்டது. பட்டியலைச் சேமித்தால் டெர்மினல் பீப் என்று ஒரு சத்தம் போடும். நான் சேமித்தேன், பீப் என்றது. சர்வீஸ் ஃபோனைத் தோளில் இடுக்கியிருந்தேன். அதற்குள்ளிருந்தும் ஒரு பீப் கேட்டது.

"குடிக்காடு, நீ என்ன பண்ற?"

"ஒன்னுமில்லயே. நீ என்ன பண்ற?"

"நானும் ஒன்னும் பண்ணல."

நான் திரையையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு நீ மெதுவாக, "எத்தன தடவடி?" என்று கேட்டாய். "நாலு" என்றேன். "எனக்கும் நாலு" என்றாய். அந்த முனையில் உன் சிரிப்பு வெடித்தது. அமுக்குணியின் சிரிப்பு தொடங்கினால் நிற்காது, இடையில் விக்கல் வரும். நான் வாயைப் பொத்திக்கொண்டு மேசையில் கவிழ்ந்துவிட்டேன். பின்னாலிருந்த அதிகாரி, நான் அழுகிறேன் என்று நினைத்து, "பரவால்லம்மா, பதட்டப்படாம பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். மெமோ கொடுப்பேன் என்றவருக்கு அவ்வளவு இளகின மனசு என்று அன்றுதான் தெரிந்தது.

விக்கலுக்கு நடுவே நீ சொன்னாய். "கேட்டுக்க. ஒருத்தி கை வெச்சா இன்னொருத்தி கை எடுத்துரணும். எடுத்துட்டேன்னு வாயால சொல்லணும். நான் கை எடுத்துட்டேன். நீ மாத்து."

நான் மாற்றினேன். சேமித்தேன். ஒரே ஒரு பீப். அந்த மூன்று நிமிடம் போல நீளமான மூன்று நிமிடம் என் வாழ்க்கையில் வேறு இல்லை, பிரசவ அறையைச் சேர்த்தே சொல்கிறேன். டயல் செய்தேன். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"உன் லாரி இன்னும் வரலப்பா. வந்தா நானே சொல்றேன், நீ மொதல்ல போயிச் சாப்புடு."

உன் மாமியார்! காலையிலிருந்து பதினைந்து லாரிக்காரர்களுக்குப் பதில் சொல்லிப் பழகிப்போயிருந்தார். பெருநாளுக்கு முந்தின நாள் பிடிக்கிற அரஃபா நோன்பு வேறு, தான் சாப்பிடாமல் ஊரிலுள்ள லாரிக்காரர்களையெல்லாம் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெரம்பலூர் பேசுகிறேன் என்றதும், "ஒன் கூட்டாளிட்ட சொல்லு, ஃபோனு நல்லா அடிக்குது, ஆனா எல்லாம் லாரியா வருது" என்றார்.

பத்து மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது தம்மாமிலிருந்து கால் வந்தது. நீ டெஸ்ட் ஃபோனில் கேட்டாய், உன் சர்வீஸ் ஃபோன் வழியாக நானும் கொஞ்சம் கேட்டேன். ஒட்டுக்கேட்பது தப்புத்தான், அன்று ஒரு நாள் மன்னிப்பு உண்டு. பிள்ளை சலாம் சொன்னார். மாமியார் பதில் சலாம் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "எலே, நீயா? லாரி இல்லயே?" அதற்குப் பிறகு இருவரும் அழுதார்கள். நீ டெஸ்ட் ஃபோனைக் கழற்றிவிட்டு, "என் வேலை தப்பிச்சுது, பெரம்பலூரு" என்றாய். எனக்கும் ஒரு வேலை தப்பியது போலத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் எடைமேடைக்காரர் டி.வி.எஸ். ஐம்பதில் உங்கள் தெருவுக்கு வந்தார். வளைகுடாவிலிருந்து வந்த சேதிகளை எடைச்சீட்டிலேயே எழுதி, வீடு வீடாகக் கேட்டுக் கொடுத்தார். உன் வீட்டுச் சீட்டை நீ எனக்குக் காட்டினாய். வண்டி எண் என்ற இடத்தில் தம்மாம். சரக்கு என்ற இடத்தில் சலாம். மொத்த எடை: எல்லாரும் சௌக்கியம். நிகர எடை: அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். உன் மாமியார் அவரை மறுநாள் பெருநாள் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார், நானும் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறிக்கொண்டே மாமியார் உன் சபதத்துக்குத் தீர்ப்புச் சொன்னார். "நீ வேலைக்கே போ. ஃபோன நான் பாத்துக்கறேன். நமக்கும் நாலு சனத்தோட பேச்சாச்சு."

அதற்குப் பிறகு நம் இரண்டு அட்டையும் பதிவேடு ஆகிவிட்டன. எதை மாற்றினாலும், மாற்றாதவள் தன் அட்டையில் எழுதி வைக்க வேண்டும். என் அடிப்பெட்டி முழுக்க "குடிக்காடு மாற்றியது, நான் கை வைக்கவில்லை" என்று என் கோழிக்கிறுக்கல். பாடாலூருக்குத் தடம் கொடுத்தபோது, அரியலூர்ப் பக்கம் புதுக் கேபிள் ஏற்றியபோது, கடைசியில் பூமிக்கடியில் ஃபைபர் வந்து நம் ரேடியோவை இறக்கியபோது, எல்லாம் இருக்கிறது. ரேடியோவை இறக்கிய அன்று நாம் கண்ணீர் விடவில்லை. டவரடியில் உட்கார்ந்து உன் வீட்டு வட்டிலப்ப இனிப்பை முழுசாகத் தின்றோம்.

பெருநாளுக்கு முந்தின காலை எட்டு மணிக்கு உன் மாமியாருக்கு முதல் கால் போடுவது மட்டும் நிற்கவில்லை. வருடா வருடம் நான் போடுவேன். அவர் எடுத்தவுடன், "எடைமேடை. லாரி நம்பர் சொல்லுங்க" என்பார். பின்னால் உன் சிரிப்பும் விக்கலும் கேட்கும். வீட்டில் ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகும், பிள்ளை தினம் வீடியோவில் முகம் காட்ட ஆரம்பித்த பிறகும், உன் மாமியார் அந்தப் பழைய ஃபோனைத் திருப்பிக் கொடுக்கவிடவில்லை.

உனக்கு உடம்புக்கு வந்ததை நீ சொன்ன விதமும் எனக்கு மறக்காது. செல்லில்தான் கூப்பிட்டாய், ஆனாலும் சர்வீஸ் ஃபோன் குரலில் பேசினாய். "பெரம்பலூரு, என் பக்கம் ஒரு அலாரம். டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு. நீ கை வெக்காத." நான் அதற்குள் திருச்சியில் இரண்டு ஆஸ்பத்திரியை யோசித்து, மனதுக்குள் மூன்றாவதற்கும் போய்விட்டேன். உனக்குத் தெரியாதா என்னை? "கை வெக்காதன்னேன்ல. சும்மா கேட்டுக்கிட்டு மட்டும் இரு" என்றாய். கேட்டேன். ஒன்றரை வருடம், தினம் கேட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த கடினமான வேலை அதுதான். அதில் பாதி நாள் நாம் சிரித்தோம் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பழக்கம் என்னோடு ஒட்டிக்கொண்டது. என் மருமகள் முகம் வாடினால், முன்பெல்லாம் நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, நானே சரிசெய்யக் கிளம்பிவிடுவேன். இப்போது போய்க் கேட்கிறேன்: நீ பார்க்கிறாயா, நான் பார்க்கட்டுமா? அவள் முதலில் விழித்தாள். இப்போது அவளே, "நான் பாத்துக்கறேன் அத்தை, நீங்க கை எடுங்க" என்கிறாள். எடுத்துவிடுகிறேன். எடுத்துவிட்டேன் என்று வாயாலும் சொல்கிறேன்.

நீ போய் ஒன்பது மாதம். இந்த வருடம் எட்டு மணி காலைப் போட வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். உன்னை இழந்த வீட்டில், பெருநாளுக்கு முந்தின நாள், விளையாட்டுக்கு ஃபோன் அடிக்கலாமா? உன் சிரிப்பு இல்லாத இடத்தில் அந்தப் பெரிய மனுஷி லாரி நம்பர் கேட்பாரா? அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று சத்தமில்லாமல் தீர்மானித்து வைத்திருந்தேன். பார்த்தாயா, யாரிடமும் கேட்காமல் மறுபடியும் நானே மாற்றிவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் மூடியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். "பெரம்பலூர் மாற்றியது, நான் கை வைக்கவில்லை" என்று உன் மணிமணியான எழுத்தில் வரிசையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, எலி கொறித்த மூலைக்குப் பக்கத்தில், நீலப் பேனாவில் சரிந்து சரிந்து ஒரு வரி. ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறாய், எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

"நான் கை எடுத்துட்டேன். எட்டு மணி கால் உன்னுது."

இன்று காலை எட்டு மணிக்கு டயல் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு தடவை, ஏழு தடவை. வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது எடுத்தார்கள். மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு மெல்ல, கொஞ்சம் உடைந்த குரலில் வந்தது.

"எடைமேடை. லாரி நம்பர் சொல்லுங்க."

நான் நம்பர் சொல்வதற்குள் அவரே பேசினார். "மணி எட்டாச்சே, ஃபோனு வரலயேன்னு இப்பத்தான் எந்திரிச்சேன். நீயும் வுட்டுட்டியோன்னு நெனச்சேன். நாளைக்கு வந்துரு. அவ பங்கையும் நீதான் திங்கணும்."

அப்போது அவருக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. உன் மகள். சிரிப்பு நிற்கவில்லை. நடுவில் ஒரு விக்கல் வந்தது. குடிக்காடு, நான் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இப்படிக்கு,
பெரம்பலூர்